ஸ்கூல்ல ஹெல்தி ஸ்நாக்ஸ் மெஷின் வைக்கலாமா? கொட்டேஷனை மூடி வச்சுட்டு, பெல் அடிக்கிற நேரத்தை எண்ணுங்க



போன மாசம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பவானியில நம்ம ஆபீஸுக்கு ஒரு தம்பி வந்தார். வயசு 27. பெருந்துறை சிப்காட்ல வேலை. பிடித்தமெல்லாம் போக கைக்கு வர்ற சம்பளம் 38,000 ரூபாய். ஒரு கையில கலர் பிரிண்ட் போட்ட கொட்டேஷன், இன்னொரு கையில போன். போன்ல பேங்க் அனுப்பின பர்சனல் லோன் ஆஃபர்.

"அண்ணா, ஸ்கூல்ல வைக்கிற ஸ்நாக்ஸ் மெஷினுங்ணா. சிப்ஸ், கூல்டிரிங்க்ஸ் எதுவும் கிடையாது. கடலை உருண்டை, கம்பு பிஸ்கட், மோர், இந்த மாதிரி ஹெல்தி ஐட்டம் மட்டும்தான். வாரத்துக்கு ரெண்டு தடவை போய் சரக்கு ரொப்பினா போதும், மீதி அதுவே ஓடிக்கும்ங்ணா. மாசம் 31,500 நிக்குமுன்னு சொல்றாங்க. லோன் எடுக்கலாமுங்களா?"

இந்தக் கேள்வியை அவர் மட்டும் கேட்கல. "சம்பளத்துக்கு மேல ஒரு வருமானம் வேணும், ஆனா நேரம் இல்ல" என்கிற எல்லாருக்கும் மெஷின்னு சொன்னாலே ஒரு ஆசை வரும். மெஷின் லீவு கேட்காது, சம்பளம் கேட்காது. சரி, கணக்கு என்ன சொல்லுதுன்னு இன்னைக்கு முழுசா போட்டுப் பார்த்துடலாம். ஸ்கூல் மெஷினை உதாரணமா எடுத்துக்கிறோம். நாளைக்கு உங்ககிட்ட யாராவது வேற ஒரு மெஷினைக் காட்டினாலும் இதே கணக்கு உதவும்.

ஐடியா ஒண்ணும் முட்டாள்தனம் இல்ல

முதல்ல நியாயமா ஒண்ணு சொல்லிடறேன். இந்த ஐடியாவுக்குப் பின்னால உண்மையான காரணங்கள் இருக்கு.

ஒண்ணு, சட்டம். நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ, 2020 செப்டம்பர்ல பள்ளிக் குழந்தைகளோட சாப்பாட்டுக்குன்னே தனி விதிமுறை கொண்டு வந்தது. கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமா இருக்கிற பண்டங்களை ஸ்கூல் கேன்டீன்லயோ ஹாஸ்டல் மெஸ்லயோ விற்கக் கூடாது. ஸ்கூலைச் சுத்தி 50 மீட்டருக்குள்ளயும் விற்கக் கூடாது. அப்போ கேன்டீன்ல காலியாகிற அந்த இடத்துல எதை வைக்கிறதுங்கிற கேள்வி நிஜமானது.

ரெண்டு, சர்க்கரை. 2025 மே மாசம் சிபிஎஸ்இ தன்னோட பள்ளிகள் எல்லாத்துலயும் "சர்க்கரை போர்டு" வைக்கச் சொல்லி சுற்றறிக்கை அனுப்பிச்சு. 4 முதல் 10 வயசுக் குழந்தைங்க ஒரு நாளைக்கு எடுத்துக்கிற கலோரியில 13 சதவீதமும், 11 முதல் 18 வயசுப் பிள்ளைங்களுக்கு 15 சதவீதமும் சர்க்கரையில இருந்தே வருதுன்னும், அது 5 சதவீதத்துக்குள்ள இருக்கணும்னும் அதுல சொல்லியிருந்தாங்க. பெத்தவங்களும் இப்போ பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் படிக்க ஆரம்பிச்சிருக்காங்க.

மூணு, வரி. 2025 செப்டம்பர் 22ல இருந்து மிக்ஸர் மாதிரி பாக்கெட் நொறுக்குத்தீனி, பிஸ்கட், பழச்சாறு எல்லாம் 5 சதவீத ஜிஎஸ்டிக்கு வந்துடுச்சு. சர்க்கரை போட்ட கேஸ் பானங்களுக்கு 40 சதவீதம்.

அதனால "யாரு இதையெல்லாம் வாங்குவாங்க"ன்னு நான் கேட்கல. பசிக்கும், வாங்குவாங்க. நான் தம்பிகிட்ட கேட்டது வேற கேள்வி: "வாங்கறதுக்கு அவங்களுக்கு எத்தனை நிமிஷம் இருக்கு?"

கொட்டேஷன்ல இருந்த கணக்கு

மெஷின் விலை 1,80,000. அதுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 32,400. லாரி வாடகை, ஸ்டெபிலைசர், ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்து 12,600. முதல் சரக்கு 15,000. மொத்தம் 2,40,000 ரூபாய்.

வருமானம் இப்படிப் போட்டிருந்தாங்க. ஸ்கூல்ல 1,200 பசங்க. ஒரு நாளைக்கு 150 பேர் வாங்கினா போதும். ஒரு பாக்கெட் 20 ரூபாய். லாபம் 35 சதவீதம், அதாவது 7 ரூபாய். 150ஐ 7ஆல் பெருக்கினா ஒரு நாளைக்கு 1,050. முப்பது நாளைக்கு 31,500. எட்டு மாசத்துல போட்ட பணம் திரும்பிடும்.

பெருக்கல்ல தப்பே இல்ல. ஆனா பெருக்கின எண் ஒவ்வொண்ணுலயும் தப்பு இருக்கு.

நான் தம்பிக்கு ரெண்டு வீட்டுப்பாடம் கொடுத்தேன். ஒண்ணு, அவர் கம்பெனி கேன்டீன் வாசல்லயே ஒரு ஸ்நாக்ஸ் மெஷின் நிக்குது. அதுக்குப் பக்கத்துல நின்னு, ஒரு ஆள் வந்ததுல இருந்து பாக்கெட்டை எடுத்துக்கிட்டு நகர்ற வரைக்கும் எத்தனை வினாடின்னு போன்ல ஸ்டாப்வாட்ச் போட்டுப் பார்க்கணும். ரெண்டு, மெஷின் வைக்கப் போற ஸ்கூலோட டைம்டேபிளையும் வருஷக் காலண்டரையும் வாங்கிட்டு வரணும்.

30 வினாடி, 60 நிமிஷம்

அடுத்த சனிக்கிழமை வந்தார். சராசரியா 30 வினாடி. எது வேணும்னு பார்க்கணும், நம்பரை அழுத்தணும், காசு கட்டணும், உள்ள ஸ்பிரிங் சுத்தி பாக்கெட் விழணும், குனிஞ்சு எடுக்கணும். இது பெரியவங்களுக்கு. யுபிஐ போட்டா சில நேரம் இதைவிட அதிகம்.

ஸ்கூல்ல பசங்ககிட்ட போன் கிடையாது. அதனால யுபிஐ கதை அங்க முடிஞ்சுது. ரெண்டு பத்து ரூபாய் நாணயம் போடணும், இல்லன்னா ஸ்கூலே கொடுக்கிற ப்ரீபெய்டு கார்டைத் தட்டணும். கார்டு வேகம்தான், ஆனா அந்த ரீடருக்கும் சாஃப்ட்வேருக்கும் தனிச் செலவு உண்டு. கார்டுல காசு ஏத்தறதுக்கு ஒரு ஆளும் வேணும்.

இப்போ டைம்டேபிள். காலையில இன்டர்வெல் 10 நிமிஷம். மத்தியானம் சாப்பாட்டு நேரம் 40 நிமிஷம். சாயங்கால இன்டர்வெல் 10 நிமிஷம். மொத்தம் 60 நிமிஷம். மெஷின் நாள் பூரா நிக்கும். ஆனா அது விற்கக்கூடிய நேரம் ஒரு நாளைக்கு ஒரே ஒரு மணி நேரம்.

ஒரு மணி நேரத்துல 30 வினாடிக்கு ஒண்ணுன்னா, ஒரு நொடி கூட நிக்காம ஓடினாலும் 120 பாக்கெட்தான். கொட்டேஷன்ல போட்ட 150 அந்த ஸ்கூல்ல நடக்கவே முடியாத எண். அதுலயும் மதியம் முதல் இருபது நிமிஷம் பசங்க டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிடுவாங்க. பத்து நிமிஷ இன்டர்வெல்ல பாத்ரூம் போகணும், தண்ணி குடிக்கணும். வரிசையில எட்டாவதா நிக்கிற பையனுக்கு நாலு நிமிஷம் காத்திருக்கணும். அவன் நிக்க மாட்டான், ஓடிடுவான்.

நீங்க படிச்ச ஸ்கூல் வாசலை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. சாக்கு விரிச்சு ஒரு ஆயா உட்கார்ந்திருப்பாங்க. நெல்லிக்காய், மாங்காய் கீத்து, வேகவச்ச கடலை எல்லாம் முன்கூட்டியே கூறு போட்டு வச்சிருப்பாங்க. ஒரே நேரத்துல அஞ்சு கை நீளும். அஞ்சு கையிலயும் காசை வாங்கி, அஞ்சு பேருக்கும் கொடுத்து, ஆறாவது பையன்கிட்ட "நேத்து பாக்கி ரெண்டு ரூவா எங்க?"ன்னும் கேட்பாங்க. இதெல்லாம் ஒரு நிமிஷத்துக்குள்ள. அந்த ஆயாவோட வேகத்துக்கு 1,80,000 ரூபாய் மெஷின் ஈடாகாது. மெஷின்ல ஒரே ஒரு வாய்தான் இருக்கு.

சரி, எல்லா அசௌகரியத்தையும் கழிச்சு, நல்ல நாள் கெட்ட நாள் சேர்த்து, சராசரியா ஒரு நாளைக்கு 50 பாக்கெட்னு வச்சுக்குவோம். என் அனுபவத்துல இது தாராளமான கணக்கு.

முப்பது நாள் எங்க இருந்து வந்துச்சு?

ஸ்கூல் மாசத்துக்கு முப்பது நாள் நடக்காது. கட்டாயக் கல்விச் சட்டம் ஒண்ணு முதல் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் வருஷத்துக்கு 200 வேலை நாளும், ஆறு முதல் எட்டு வரைக்கும் 220 வேலை நாளும் இருக்கணும்னு சொல்லுது. நடுவுல 210னு வச்சுக்கலாம். அதாவது மாசத்துக்கு பதினேழரை நாள். மே மாசம் சுத்தமா பூஜ்யம். பரீட்சை சமயத்துல அரை நாள் ஸ்கூல். காலாண்டு, அரையாண்டு லீவு வேற. ஆனா உங்க இஎம்ஐ மட்டும் மே மாசமும் சரியா அஞ்சாம் தேதி கழியும்.

வாங்க, வருஷக் கணக்கு போடலாம்.

விற்பனை: 50 பாக்கெட், 210 நாள். 10,500 பாக்கெட். 20 ரூபாய் வீதம் 2,10,000.

சரக்கு வாங்கின செலவு: பாக்கெட்டுக்கு 14 ரூபாய். 1,47,000. மொத்த லாபம் 63,000. இங்க 30 சதவீத லாபம் போட்டிருக்கேன். ஹெல்தி ஐட்டம் சின்னச் சின்ன கம்பெனிங்க செய்யறது. பெரிய கம்பெனி சிப்ஸுக்குக் கிடைக்கிற ஸ்கீம், ஃப்ரீ பாக்கெட் எல்லாம் இங்க எதிர்பார்க்க முடியாது.

இதுல இருந்து கழிக்க வேண்டியது:

தேதி முடிஞ்சு வீணாகிறது, சரக்கு மதிப்புல 5 சதவீதம்: 7,350.
கரண்ட், குளிரூட்டற மெஷினுக்கு நாளைக்கு 6 யூனிட், 240 நாள், யூனிட் 9 ரூபாய்: 12,960.
ஸ்கூலுக்குக் கொடுக்கிற இட வாடகை, மாசம் 1,000: 12,000.
சரக்கு ரொப்பப் போற பெட்ரோல், வருஷத்துக்கு 80 தடவை, 60 ரூபாய் வீதம்: 4,800.
ரிப்பேர், பராமரிப்பு: 10,000.

மொத்தச் செலவு 47,110. கையில நிக்கிறது வருஷத்துக்கு 15,890 ரூபாய். மாசத்துக்கு 1,324. கொட்டேஷன் சொன்னது மாசத்துக்கு 31,500.

இதுல மெஷின் தேய்மானத்தை நான் இன்னும் தொடவே இல்ல. ஏழு வருஷம் ஓடும்னு வச்சா, வருஷத்துக்கு 32,000 ரூபாய்க்கு மேல தேயுது. அதைக் கழிச்சா இது நஷ்ட வியாபாரம்.

அதே 2,40,000 ரூபாயை 6.5 சதவீத எஃப்டியில போட்டா வருஷத்துக்கு 15,600 வட்டி. கிட்டத்தட்ட அதே காசு. எஃப்டியில அசல் அப்படியே இருக்கும், 80 தடவை வண்டி ஓட்ட வேண்டாம், உள்ள சிக்கின பாக்கெட்டுக்காக யாரும் உங்களுக்கு போன் பண்ண மாட்டாங்க.

லோன் எடுத்தா?

தம்பிக்கு வந்த ஆஃபர் 14 சதவீதம், 36 மாசம். 2,40,000க்கு இஎம்ஐ 8,203. வருஷத்துக்கு 98,436. மெஷின் கொடுக்கிறது 15,890. மீதி 82,546 அவர் சம்பளத்துல இருந்துதான் போகணும். மாசத்துக்கு 6,879 ரூபாய். வருமானம் வரும்னு வாங்கின மெஷினுக்கு இவர் சம்பளம் கொடுத்துக்கிட்டு இருப்பார்.

சரி, இஎம்ஐயை மெஷினே கட்டணும்னா ஒரு நாளைக்கு எத்தனை விற்கணும்? ஒரு பாக்கெட்டுல வீணாகிறது போக நிக்கிறது 5.30 ரூபாய். கரண்ட், வாடகை, பெட்ரோல், ரிப்பேர் சேர்த்து 39,760. இஎம்ஐ 98,436. மொத்தம் 1,38,196. இதை 5.30ஆல் வகுத்தா சுமார் 26,075 பாக்கெட். 210 நாளுக்குப் பிரிச்சா ஒரு நாளைக்கு 124.

மேல போட்ட உச்ச வரம்பு ஞாபகம் இருக்கா? ஒரு நொடி நிக்காம ஓடினாலும் 120. தேவையானது 124. அதாவது ஸ்கூல்ல இருக்கிற எல்லாரும் ஆசைப்பட்டாலும், இந்த லோனை இந்த மெஷினால கட்ட முடியாது. இன்டர்வெல் நேரம் பத்தாது.

இந்தப் பதிவுல ஒரே ஒரு விஷயம் மனசுல நிக்கணும்னா அது இதுதான். ஒரு வியாபாரத்துல எவ்வளவு பேர் வாங்குவாங்கன்னு கணக்கு போடறதுக்கு முன்னால, அதிகபட்சம் எவ்வளவு விற்க முடியும்னு பாருங்க. எட்டாத உயரத்துல இருக்கிற எண்ணை வச்சு யாராவது லாபக் கணக்கு காட்டினா, மீதிப் பக்கத்தைப் புரட்டவே வேண்டாம்.

வரியில மூணு குழி

சம்பளக்காரங்க அடிக்கடி விழற இடம் இது. பொறுமையா படிங்க.

முதல் குழி: "நஷ்டம் வந்தா என்ன, சம்பளத்துல காட்டி டிடிஎஸ் ரீஃபண்ட் வாங்கிக்கலாம்." முடியாது. பிசினஸ் நஷ்டத்தை சம்பள வருமானத்துல கழிக்க வருமான வரிச் சட்டம் விடாது. கடைசித் தேதிக்குள்ள ரிட்டர்ன் போட்டிருந்தா எட்டு வருஷம் வரைக்கும் அடுத்தடுத்த பிசினஸ் லாபத்துல கழிச்சுக்கலாம், அவ்வளவுதான். லாபமே வராத பிசினஸ்ல எதுல கழிக்கிறது?

ரெண்டாவது குழி: "மெஷினுக்குக் கட்டின 32,400 ஜிஎஸ்டியை இன்புட் கிரெடிட்டா எடுத்துக்கலாம்." பொருள் விற்கிறவங்களுக்கு வருஷ விற்பனை 40 லட்சம் தாண்டற வரைக்கும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் இல்ல. பதிவு இல்லன்னா கிரெடிட்டும் இல்ல. நீங்களா விரும்பிப் பதிவு பண்ணினா என்ன ஆகும்? 2,10,000 விற்பனைக்குள்ள 5 சதவீத வரி 10,000. சரக்கு வாங்கும்போது கட்டினது 7,000. வருஷத்துக்கு நீங்க கட்ட வேண்டியது 3,000. அந்த மூவாயிரத்துலதான் மெஷின் கிரெடிட்டைக் கழிக்க முடியும். 32,400 தீர பத்து வருஷத்துக்கு மேல ஆகும். மெஷின் ஆயுசு ஏழு வருஷம். நடுவுல ரிட்டர்ன் போடற செலவு தனி.

மூணாவது குழி: ரிட்டர்ன் படிவம். இதுவரைக்கும் ஐடிஆர்-1 போட்டு பத்து நிமிஷத்துல முடிச்சிருப்பீங்க. பிசினஸ் வருமானம் வந்துட்டா அது செல்லாது. 44ஏடின்னு எல்லாருக்கும் தெரிஞ்ச உத்தேச லாப முறையில போனா ஐடிஆர்-4. டிஜிட்டலா வாங்கின விற்பனைக்கு 6 சதவீதம், நாணயமா வாங்கினதுக்கு 8 சதவீதம் லாபம்னு காட்டணும். அதைவிடக் குறைவு, நஷ்டம்னு காட்டணும்னா கணக்குப் புத்தகம், சில பேருக்கு ஆடிட் வரைக்கும் போகும். இன்னொண்ணு, வீட்டு வாடகை, 80சி காட்டிப் பழைய ரெஜிம்ல இருக்கிறவங்க கவனிங்க. வெறும் சம்பளம் மட்டும் இருந்தா வருஷா வருஷம் மாத்தி மாத்தி எடுக்கலாம். பிசினஸ் வருமானம் இருந்தா அந்தச் சுதந்திரம் போயிடும். பழையதை எடுக்க தனிப் படிவம் கொடுக்கணும். ஒரு தடவை புதுசுக்குத் திரும்பிட்டா, பிசினஸ் வருமானம் இருக்கிற வரைக்கும் மறுபடி பழையதுக்குப் போக முடியாது.

வருஷத்துக்கு 15,890 ரூபாய்க்காக இவ்வளவு.

இதோட உங்க வேலை ஒப்பந்தத்தையும் எடுத்துப் படிங்க. வெளி வியாபாரம் பண்ணக் கூடாதுன்னு பல கம்பெனிங்க எழுதி வாங்கியிருப்பாங்க. அரசு ஊழியர்னா நடத்தை விதிகள் இருக்கு, தொடாதீங்க.

சட்டம் உங்களுக்குச் சாதகமா இருக்குன்னு மட்டும் நினைக்காதீங்க

"ஹெல்தி"ங்கிற வார்த்தையை மெஷின் மேல ஸ்டிக்கரா ஒட்டறது சுலபம். அதுக்கு என்ன அர்த்தம்னு முடிவு பண்றது நீங்க இல்ல.

அமெரிக்காவுல 2014 ஜூலையில இருந்து பள்ளி வெண்டிங் மெஷினுக்கும் சேர்த்து "ஸ்மார்ட் ஸ்நாக்ஸ்" விதி வந்தது. ஒரு நொறுக்குத்தீனி 200 கலோரிக்கு மேல போகக் கூடாது, கொழுப்புக்கும் சர்க்கரைக்கும் உப்புக்கும் தனித்தனி அளவு. பிரான்ஸ் இன்னும் ஒரு படி மேல போயி, 2005 செப்டம்பர் 1ல இருந்து மாணவர்கள் கையில எட்டற மாதிரி காசு போட்டு வாங்கற உணவு, பான மெஷினே பள்ளியில கூடாதுன்னு தடை பண்ணிட்டாங்க. மெஷின் வச்சிருந்தவங்க எல்லாம் தூக்கிட்டுப் போக வேண்டியதாச்சு.

நம்ம ஊர்லயும் அப்படித்தான். கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையில செஞ்ச கடலை உருண்டை எனக்கும் ரொம்பப் பிடிக்கும். வெறும் சர்க்கரை மிட்டாயைவிட நிச்சயமா மேல், கடலையில புரதம் இருக்கு. ஆனா நாட்டுச் சர்க்கரையும் சேர்க்கப்பட்ட சர்க்கரைதான். நாளைக்கு ஸ்கூலோ ஆய்வுக்கு வர்ற அதிகாரியோ "இதை எடுங்க"ன்னு சொன்னா, மெஷின்ல பாதி ரேக் காலி. கூடவே, ஸ்கூலுக்குள்ள உணவு விற்கிறவங்க வியாபார அளவுக்கு ஏத்த மாதிரி எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவோ லைசென்ஸோ வச்சிருக்கணும்.

இன்னொரு உண்மை. தமிழ்நாட்டுல பள்ளிக் குழந்தைங்க பசிக்கு நாம கண்டுபிடிச்ச பெரிய பதில் மெஷின் இல்ல. 1956ல காமராஜர் காலத்து மதிய உணவு, 1982ல எம்ஜிஆர் கொண்டு வந்த சத்துணவு, அப்புறம் அதுல சேர்ந்த முட்டை, சுண்டல், 2022 செப்டம்பர் 15ல மதுரையில தொடங்கின காலை உணவுத் திட்டம். இது எல்லாமே ஒரே நேரத்துல பல தட்டுல பரிமாறுற முறை. பசங்க எல்லாருக்கும் ஒரே நேரத்துல பசிக்குங்கிறது நம்ம சத்துணவு ஆயாக்களுக்கு எப்பவோ தெரிஞ்ச விஷயம்.

அப்போ மெஷின் எங்கதான் ஓடும்?

நாள் முழுக்க ஆள் ஒண்ணு ஒண்ணா வந்துக்கிட்டே இருக்கிற இடத்துல. ராத்திரி முழுக்க கூட இருக்கிறவங்க முழிச்சிருக்கிற ஆஸ்பத்திரி, மூணு ஷிஃப்ட் ஓடற ஃபேக்டரி, குமாரபாளையம் பக்கம் இருக்கிற மாதிரி பெரிய காலேஜ் ஹாஸ்டல். அங்க வரிசை இல்ல, பெல் இல்ல, எல்லார்கிட்டயும் போன் இருக்கு. ஒரு நாளைக்கு அதே 50 பாக்கெட், ஆனா 365 நாள் போனா 18,250. ஸ்கூல்ல 10,500. அங்கயும் வாடகை, போட்டி எல்லாம் உண்டு. கணக்கு போட்டுட்டுத்தான் இறங்கணும். குறைஞ்சது உச்ச வரம்பு உங்க கழுத்தை நெரிக்காது.

ஸ்கூலுக்கு நல்ல தின்பண்டம் வேணும்னா? வராண்டாவுல ரெண்டு மேஜை, பத்து ரூபாய் கூறு போட்ட நாலு தட்டு, ஊர்ல இருக்கிற மகளிர் சுயஉதவிக் குழுவுல இருந்து ரெண்டு பேர். முதலீடு ரொம்பக் கம்மி, பத்து நிமிஷத்துல கூட்டத்தை முடிச்சிடுவாங்க. இது ஸ்கூலுக்கும் அந்தக் குழுவுக்கும் நல்ல வழி. ஆனா இதுல உங்களுக்கு "தூங்கும்போது வர்ற வருமானம்" எதுவும் இல்ல, அதையும் ஒத்துக்கணும்.

கையெழுத்துக்கு முன்னால ஆறு கேள்வி

1. ஒரு விற்பனைக்கு எத்தனை வினாடி? நீங்களே நின்னு அளந்தீங்களா?
2. ஒரு நாளைக்கு விற்கக்கூடிய நிமிஷம் எத்தனை? வருஷத்துக்கு எத்தனை நாள்?
3. இஎம்ஐ கட்ட தேவையான எண்ணிக்கை, அந்த உச்ச வரம்புல பாதிக்குள்ள இருக்கா? பாதிக்கு மேல போனா வேண்டாம்.
4. இடத்துக்கான ஒப்பந்தம் யார் பேர்ல? மெஷின் விற்கிறவர் பேர்லயா, உங்க பேர்லயா? எத்தனை வருஷம்? நிர்வாகம் மாறினா?
5. "திரும்ப வாங்கிக்கிறோம்"னு சொல்றது வாய் வார்த்தையா, எழுத்துலயா? எந்த விலைக்கு? அமெரிக்காவுல இந்த மாதிரி வியாபார வாய்ப்பு விற்கிறவங்க, பணம் வாங்கறதுக்கு ஏழு நாள் முன்னாலயே விவர அறிக்கை கையில கொடுக்கணும்னு விதி இருக்கு. நம்ம நாட்டுல ஃபிரான்சைஸுக்குன்னு தனிச் சட்டம் கிடையாது. நீங்க கேட்டு எழுதி வாங்கினதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு.
6. ஏற்கெனவே இதே மெஷினை வாங்கின மூணு பேர்கிட்ட நேர்ல பேசினீங்களா? அவங்க நம்பரை விற்கிறவர் கொடுத்தாரா, நீங்களா தேடிப் பிடிச்சீங்களா?

தம்பி என்ன பண்ணினார்?

எல்லாம் பார்த்து முடிச்சப்புறம் கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம்தான் விஷயம் வெளிய வந்துச்சு.

"அண்ணா, பத்தாயிரம் அட்வான்ஸ் கட்டிட்டேன்ங்ணா. திருப்பித் தர மாட்டாங்களாம். அதுக்காகவாவது வாங்கிடலாமான்னுதான்..."

நனைஞ்சப்புறம் முக்காடு எதுக்குன்னு ஒரு பழமொழி சொல்லுவாங்க. பண விஷயத்துல அது ரொம்பத் தப்பான யோசனை. பாதி நனைஞ்சவன் ஓரமா ஒதுங்கினா மீதிப் பாதியாவது காய்ஞ்சு இருக்கும். போன பத்தாயிரம் ரெண்டு வழியிலயும் போனதுதான், அதைக் கணக்குல சேர்க்கவே கூடாது. இப்போ முன்னால இருக்கிற கேள்வி ஒண்ணே ஒண்ணு. இனிமே மூணு வருஷம், மாசம் 6,879 ரூபாய் சம்பளத்துல இருந்து போடறியா, இல்லயா? மூணு வருஷத்துல சுமார் இரண்டரை லட்சம். கடைசியில கையில மிஞ்சறது மூணு வருஷம் ஓடின ஒரு பழைய மெஷின்.

லோன் ஆஃபரை அங்கயே டெலிட் பண்ணினார். அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டு ஒரு ஈமெயில் எழுதிக் கொடுத்தேன். வருமா வராதான்னு தெரியாது. தை மாசம் அவருக்குக் கல்யாணம். மாசம் எட்டாயிரம் இஎம்ஐ கட்டத் தயாரா இருந்தவர்தானே, அந்த எட்டாயிரத்தை இப்போ ஆர்டியில போட ஆரம்பிச்சிருக்கார். முதல் ஆறு மாசச் சம்பளம் அவசர நிதியா சேரட்டும், அப்புறம் எஸ்ஐபி பேசலாம்னு சொல்லியிருக்கேன்.

போகும்போது வாசல்ல நின்னு சிரிச்சுக்கிட்டே ஒண்ணு சொன்னார். "ஏனுங்ணா, எங்க ஸ்கூல் வாசல்ல ஆயா இருந்தாங்கள்ல, அவங்க ஒரு நாளைக்கு எவ்வளவு சம்பாதிச்சிருப்பாங்க?"

"கணக்கு போட்டுட்டு வா"ன்னு அனுப்பி வச்சேன்.

உங்ககிட்டயும் இந்த மாதிரி ஒரு கொட்டேஷன் இருந்தா, கையெழுத்து போடறதுக்கு முன்னால ஒரு நாள் லீவு போட்டு, அந்த இடத்துல போய் நின்னு எண்ணிப் பாருங்க. ஒரு நாள் சம்பளம்தானே போகும். மூணு வருஷச் சம்பளத்துல ஓட்டை விழாம இருக்கும்.

அடுத்த பதிவுல சந்திப்போம்.